கல்யாண்ஜி கதை எழுதும்போது

நேயர்களுக்கு என் வணக்கம்.

நான் 31 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி காசாளர் கூண்டுக்குள் கழிந்தது. கம்பிவலைக்கு அடியில் அரைவட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாக முதலில் கை வரும், முகம் அப்புறம்தான். கை பித்தளை டோக்கனை வைக்கும். நான் எண்ணைப் பார்ப்பேன், சீட்டோடு ஒப்பிடுவேன், பணத்தை எண்ணிக் கொடுப்பேன். அடுத்த கை வந்துவிடும்.

ஒரு பென்ஷன் நாளில் 47ஆம் நம்பரை மூன்று முறை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவைக் காவலாளி போய் எழுப்பி அனுப்பினார். அவர் டோக்கனை நீட்டிவிட்டு, “எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுய்யா. அடுத்த மாசம் எம் பேரைச் சொல்லிக் கூப்பிடு” என்றார். அடுத்த மாதம் அப்படியே கூப்பிட்டேன். கூடத்தில் நாலைந்து பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கப்பட்டவர் மாதிரி நடந்து வந்தார்.

கவிஞர்கள் எழுதிய நகரத்துக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பு வந்ததும் எனக்கு அந்த அம்மாதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தார். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பேசப்போகும் எழுத்தாளரும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். கவிதை எழுதும்போது கல்யாண்ஜி, கதை எழுதும்போது வண்ணதாசன். 1946இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கல்யாணசுந்தரம். ஆக, ஒரு மனிதருக்கு மூன்று பெயர்.

தமிழில் இப்படி இரண்டு பெயரில் எழுதியவர்கள் நிறையப் பேர். சுந்தர ராமசாமி கவிதை எழுதும்போது பசுவய்யா. ந. பிச்சமூர்த்தி, பிக்ஷு என்ற பெயரில் கவிதை எழுதினார். புதுமைப்பித்தன் கவிதைக்கென்று வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று ஒருவரையே உண்டாக்கிவிட்டார். கவிதைக்கு ஒரு வாசல், கதைக்கு ஒரு வாசல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவர்களுக்கெல்லாம் ஏன் தோன்றியது? கவிதையில் பேசுகிற குரலும் கதையில் பேசுகிற குரலும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். கல்யாண்ஜியிடம் அந்தத் தடுப்பு நிற்கவில்லை என்பது என் கட்சி. கலந்ததால்தான் அந்தக் கதைகளுக்கு இத்தனை உயிர்.

கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். நம் சங்க அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. அதற்குள் ஒரு முழுக் கதை இருக்கும். ஒருத்தி காத்திருப்பாள், ஒருவன் வராமல் இருப்பான், தோழி ஆறுதல் சொல்லுவாள். ஆனால் அவள் பெயர் என்ன? அவன் பெயர் என்ன? சொல்ல மாட்டார்கள். “சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்” என்பது தொல்காப்பியம். அகத்தில் தனி ஒருவரின் பெயர் வரக் கூடாது. பெயர் இல்லாததால்தான் அந்தக் காதல் எல்லோருடைய காதலாகவும் ஆகிறது. அந்த விதியின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் நகரத்துக்கு வந்த மனிதனின் சிக்கல் வேறு. அவனுக்கு ஏற்கெனவே பெயர் போய்விட்டது. அவன் டோக்கன் நம்பர், வரிசையில் ஏழாவது ஆள், ஜன்னலோர சீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர். அவனைப் பற்றி ஒரு கவிஞர் எழுத வருகிறார் என்றால் முதல் வேலை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். வண்ணதாசன் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துக்குள் எத்தனை பெயர்கள் வந்து போகும் என்று. கதைக்கு நேரடியாகத் தேவைப்படாதவர்களுக்குக்கூட ஒரு பெயர், ஓர் உறவுமுறை, ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அவருடைய தொகுப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: ‘மனுஷா மனுஷா’, ‘பெயர் தெரியாமல் ஒரு பறவை’. முதலாவது கூப்பிடுகிற குரல். இரண்டாவது, பெயர் தெரியவில்லையே என்ற தவிப்பு.

இதற்கு நான் எடுத்துக்கொள்ள விரும்பும் கதை ‘தனுமை’. தமிழ்ச் சிறுகதை என்று பேச்சு எடுத்தால் பலரும் சொல்லுகிற கதை. ஓர் அநாதை விடுதி, மரநிழல், ஆர்மோனியம். அங்கே வந்து உட்கார்ந்து படிக்கிற ஞானப்பன். பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருகிற, கால் ஊனமான தனு. விடுதிப் பள்ளியில் இருக்கும் டெய்ஸி வாத்திச்சி. ஞானப்பனின் மனம் முழுக்க தனு. அவளிடம் அவன் சொல்லவில்லை. டெய்ஸி வாத்திச்சியின் மனத்தில் ஞானப்பன். அவ்வளவுதான் கதை. ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். தலைப்பை மட்டும் இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தனுமை. தனிமை. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது, னி இருந்த இடத்தில் னு. ‘தனிமை’ என்பது அகராதியில் உள்ள சொல், எல்லோருக்கும் பொது. ‘தனுமை’ எந்த அகராதியிலும் கிடையாது. இளமை, இனிமை, பெருமை என்று பண்புக்குப் பெயர் வைப்பது போல, ஒரு பெண்ணின் பெயரோடு ‘மை’ சேர்த்து ஒரு பண்பையே செய்துவிட்டார். அந்தப் பையனுக்கு உலகத்தில் அழகு, மென்மை, துக்கம் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் தனுமை. காதல் வந்தவனின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? கூடவே அந்தச் சொல்லுக்கு அடியில் ‘தனிமை’ என்பதும் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். மூவரும் தனி.

கதைக்காரர் மட்டுமாக இருந்தால் அந்தத் தலைப்பு வந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. ஒரு சொல்லைக் கையில் எடுத்து, ஓர் எழுத்தைத் திருப்பிப் பார்த்து, இரண்டு ஓசையும் ஒன்றாகக் கேட்கும் வரைக்கும் காத்திருப்பது கவிதை எழுதுகிறவரின் பழக்கம். உரைநடையில் கவித்துவம் என்றால் உவமை மேல் உவமையாக அடுக்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் சொல்ல வருவது அதை இல்லை. எந்தச் சொல்லில் நிற்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கணக்கைச் சொல்கிறேன்.

இன்னொரு கதை ‘நிலை’. இதை நெல்லைக்காரர்கள் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேர். நாலு ரத வீதியும் ஜனம். தேர் வாகையடி முக்கு திரும்பிவிட்டதா என்பதுதான் அன்றைக்கு வீட்டுக்கு வீடு விசாரிப்பு. எல்லாரும் தேர் பார்க்கப் போகிற அந்த நாளில், ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிற சின்னப் பெண்ணால் போக முடியவில்லை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே தேடிப் படியுங்கள். தலைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேர் ஓட்டம் முடிந்து வந்து நிற்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் ‘நிலை’ என்று பெயர். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்போம். அந்தப் பெண்ணின் நிலை என்ன? ஊரே வடம் பிடிக்கும் தேரும், யாரும் கவனிக்காத ஒரு குழந்தையும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்கிறார்கள். தேர் என்றால் பிரம்மாண்டம். அந்தப் பிரம்மாண்டத்தை ஒரு வீட்டு வாசல்படியில் நிற்கிற சிறுமியின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார்.

இங்கே சிலர் ஒன்று கேட்பார்கள். ‘இது நகரமா? திருநெல்வேலி டவுனில் நாலு தெரு. நகர வாழ்க்கை என்றால் மெட்ராஸ் இல்லையா?’ நியாயமான கேள்விதான். அதற்கும் ஒரு நெல்லைக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் சென்னைக்கு வந்து எழுதிய கதைகளில் அந்த நகரத்தின் இரைச்சல் அப்படியே கேட்கும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது. டிராமில் போனால் எவ்வளவு, பஸ்ஸில் போனால் எவ்வளவு, வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா என்று ஒருவர் நின்று கணக்குப் போடுகிறார். கவிதைக்கு வைத்துக்கொண்ட பெயரிலும் கந்தசாமிப் பிள்ளை, கதையில் தெருமுனையில் நிற்பவரும் கந்தசாமிப் பிள்ளை. தனித்தனி வாசல் வைத்தவரே இரண்டு இடத்திலும் ஒரே ஆளை நிறுத்திவிட்டாரே என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அவருடைய ‘மகாமசானம்’ வேறு. மவுன்ட் ரோடு நடைபாதை, மாலை நேரம், ஜனங்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழவன் சாகக் கிடக்கிறான். ஒரு குழந்தை, ஒரு மாம்பழம். அந்தக் கதையில் சாகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. அதுதான் அந்தக் கதையின் உக்கிரம். இத்தனை பேர் நடக்கிற தெருவைத்தான் அவர் மகா மயானம் என்கிறார். புதுமைப்பித்தனுக்கு அந்தப் பெயரின்மை மேல் கோபம். வண்ணதாசனுக்கு அதன் மேல் துயரம். கோபம் வேண்டுமா, துயரம் வேண்டுமா என்றால் எனக்கு இரண்டும் வேண்டும்.

வண்ணதாசன் மேல் ஒரு குறை சொல்லப்படுவது உண்டு. எல்லாமே கனிவாக இருக்கிறது, பூவும் இலையும் வெளிச்சமும் நிறைய, வாழ்க்கையின் கசப்பு போதவில்லை என்று. அவருடைய வாசகனாகவே சொல்கிறேன், சில கதைகளில் அந்தக் குறை உண்மை. ஒரு வாக்கியம் தானே நிற்கக் கூடிய இடத்தில் இன்னொரு உவமை வந்து அதற்கு முட்டுக் கொடுக்கிறது. அவரைப் பார்த்து எழுத வந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். பூக்களை எடுத்துக்கொண்டார்கள், பெயர்களை விட்டுவிட்டார்கள். ஆனால் 1976இல் வந்த ‘கலைக்க முடியாத ஒப்பனைகள்’ தொகுப்பைத் திரும்ப எடுத்துப் படிக்கும்போது கசப்பு இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நம் அம்மாக்கள் வீட்டில் சத்தம் போட்டா கசப்பைச் சொன்னார்கள்? பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த அழுத்தம் கேட்கிறவனுக்குத்தான் கேட்கும்.

2016இல் ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அவருடைய அப்பா தி.க.சி.க்கும் 2000இல் அதே விருது, விமர்சனத்துக்காக. விருதுகளை விடுங்கள், எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கும். பெரிய கச்சேரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தெருவில் நடக்கும்போது ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்து காதில் விழுகிற ஒரு சிறு இசை. நின்று கேட்கவும் முடியாது, கேட்காத மாதிரிப் போகவும் முடியாது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதைகளை வேகமாகப் படிக்காதீர்கள். வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள். என் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்த சமயம் நான் ராத்திரியில் இந்தக் கதைகளை வாசித்துக் காட்டினேன். கண்ணில் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கதையில் ஒரு பெயர் வந்ததும், “இருங்க, நம்ம மேலத்தெருவுல இதே பேர்ல ஒரு அக்கா இருந்தாங்களே” என்று ஆரம்பித்தாள். கதை அங்கேயே நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தெரு முழுவதும் அன்றைக்குப் பெயர் பெயராக எங்கள் அறைக்குள் வந்தது. மீதிக் கதையை மறுநாள்தான் படித்தோம்.

இன்று நகரம் இன்னும் மாறிவிட்டது. இப்போது பெயர் கேட்காமலே வருகிறது. சாப்பாடு கொண்டுவருகிறவரின் பெயரை அவர் வண்டியைக் கிளப்புகிறபோதே என் செல்போன் காட்டிவிடுகிறது. எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்றும் காட்டுகிறது. ஆனாலும் கதவைத் திறக்கும்போது நான் பொட்டலத்தைத்தான் பார்க்கிறேன். கூண்டுக்குள் இருந்தபோது கையைப் பார்த்த மாதிரியே. இந்தப் பையன்களைப் பற்றி இன்றைய கவிஞர்கள் கதை எழுத வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. பெயர் திரையில் இருக்கிறது. அதைக் கூப்பிடுகிற குரல்தான் இன்னும் வர வேண்டும்.

போன வாரம் ஒரு மழை ராத்திரி. ஒரு தம்பி வந்து பையைக் கொடுத்தார். ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே கொடுத்தார். சட்டையும் ஈரம், துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் மங்கலாகிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய பிறகுதான் திரையில் பார்த்த பெயர் ஞாபகம் வந்தது. படியிறங்கும் சத்தம் இன்னும் கேட்டது. கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏதோ குறை சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பார் போல, முகத்தில் ஒரு பயம். “ஒண்ணுமில்ல தம்பி, ஒரு காய்ஞ்ச துணி தாரேன், கண்ணாடியைத் துடைச்சிட்டுப் போங்க” என்றேன். மேலே ஏறி வந்தார்.

நன்றி. வணக்கம்.