சுவரோடு கலந்த சட்டை

(மட்டக்களப்பில் சித்திரம் பயிலும் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான மாணவர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

வீட்டுக் காட்சியொன்றை வரையச் சொன்னால் உங்களிற் பலர் முகத்திலிருந்துதான் தொடங்குகிறீர்கள். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பது எத்தனை தடவை? குசினிப் புகைக்குள் குனிந்திருப்பவர் அம்மா என்பதை அவருடைய சேலையின் நிறமே நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்த அறிதலைத் திரையில் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் இருவரைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

முதலாமவர் 1868 இல் பிறந்த எதுவார் வுயார். தையல் வேலையால் குடும்பத்தைத் தாங்கிய தாயோடு, அவர் 1928 இல் இறக்கும்வரை, தமது அறுபதாவது வயதுவரை ஒரே வீட்டில் வாழ்ந்தவர். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போக, ஆண் மனைவி வீட்டில் குடியேறும் நம் மட்டக்களப்பில் அது நடந்திருக்காது!

தாயையும் தமக்கையையும் அவர் தீட்டிய 1893 ஆம் ஆண்டு ஓவியம் ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர் உயரமும் 56 சென்ரிமீற்றர் அகலமும் மட்டுமே கொண்டது. கறுப்பு உடையணிந்த தாய் நடுவில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். தமக்கையோ சுவரோடு ஒட்டி, ஓவியத்தின் மேல்விளிம்பு தலையில் இடித்துவிடும் என்பதுபோலக் குனிந்து நிற்கிறார்; அவருடைய கட்டம்போட்ட சட்டை சுவர்த்தாளின் புள்ளிகளோடு கலந்து, எது துணி, எது சுவர் என்று கண் தடுமாறுகிறது. அந்த வீட்டில் யாருடைய சொல் நடக்கிறது என்பதை அந்தக் கறுப்பே சொல்லிவிடுகிறது. நெருக்கம் என்றால் இனிமை என்று மட்டும் எண்ணாதீர்கள். இட நெருக்கடிக்கும் நம் மொழியில் அதே சொல்தான்.

மற்றவர் பியேர் பொன்னார். 1893 இல் சந்தித்த மார்த் என்ற பெண்ணை, அந்தப் பெண் 1942 இல் இறந்த பின்னரும்கூட, மேசையருகிலும் குளியற் தொட்டியிலும் மீண்டும் மீண்டும் தீட்டியவர். ஆளை முன்னால் இருத்தித் தீட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. பென்சிற் குறிப்புகளையும் நினைவையும் நம்பி, சுவரில் நேரே குத்திய திரையில் வேலை செய்தார். 1932 இல் தீட்டிய ‘வெள்ளை அறை’யில் முதலில் கதவும் மேசையும் சன்னலுக்கு வெளியே கடலுமே தெரிகின்றன, சற்று நேரம் கழித்துத்தான் பூனையிடம் குனியும் பெண்ணொருத்தி தரையின் நிறத்திலிருந்து மெல்லப் பிரிந்து வருகிறாள். ஓவியத்தின் பெயரில் உள்ள வெள்ளையைத் தேடினால் ஊதாவும் மஞ்சளும் நீலமும் கிடைக்கும். (பாடசாலையில் நான் நிழலை ஊதாவில் தீட்டியபோது ஓர் ஆசிரியர் தாளையே கிழித்தார். அன்று எனக்குப் பொன்னாரைத் தெரியாது.)

வாவிக்கரை வீடொன்றின் சுண்ணாம்புச் சுவரைப் பின்னேரம் நான்கு மணிக்குப் பாருங்கள். அதிலும் வெள்ளை இராது. சாயமிட்ட பன் புல்லைப் பரப்பிப் பாய் இழைக்கும் ஆச்சியின் கையைப் பாருங்கள்; சிவப்புக் கோடு எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்பதை உடனே பிரித்துச் சொல்ல முடிகிறதா?

அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருக்கும் ஒருவரைத் தீட்டி வாருங்கள். அவரை எதிரே இருத்த வேண்டாம். அவர் வேலை செய்யும் இடத்தில் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, வளவுக்கு வந்து, நினைவிலிருந்து தீட்டுங்கள். முகத்தைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் தாளில் இடமில்லாமற் போனால் அப்படியே கொண்டு வாருங்கள்.