‘உழைப்பாளி, பக்திமான்’ என்பதைத் தாண்டி தாத்தாவைப் பற்றி எப்படி எழுதுவது?

அடுத்த கேள்வி கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார், வாசிக்கிறேன். “வணக்கம் அண்ணா. எங்கள் அப்புச்சி இறந்து வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. வருஷத் திதிக்கு வரும் சொந்தபந்தங்களுக்கு அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுக்கலாம் என்று பேரன் பேத்திகள் சேர்ந்து முடிவு செய்தோம். எழுத உட்கார்ந்தால் கடும் உழைப்பாளி, பெரிய முருக பக்தர் என்பதோடு நின்றுவிடுகிறது. பிறந்த வருஷம்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?”

சரி. முதலில் அந்த இரண்டு வார்த்தையையும் அடித்துவிடுங்கள். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் எல்லாருக்கும் அதைத்தானே போடுகிறார்கள், மண்வெட்டியைத் தொட்டே பார்க்காதவருக்கும் உழைப்பாளி என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் சித்திரை தொடங்கிப் பங்குனி வரைக்கும் அப்புச்சி எந்த மாதம் என்ன செய்தார், அதை மட்டும் எழுதுங்கள். உழைப்பும் பக்தியும் தானாக உள்ளே வந்துவிடும், அந்தக் காலத்து ஆட்களுக்கு இரண்டும் ஒரே காலண்டரில்தான் ஓடின.

எங்கள் அப்பாரையே, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவையே சொல்கிறேன். மஞ்சள் வெள்ளாமைக்காரர். வைகாசி, ஆனியில் ஊன்றினால் தை, மாசியில்தான் வெட்டு. வெட்டினதோடு முடியாது, கொப்பரையில் போட்டு வேகவைக்க வேண்டும், விரலி தனி, கிழங்கு தனி, இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. நுரை கட்டி வாசம் ஏறினதும் ஒரு குச்சியை எடுத்துக் குத்திப் பார்ப்பார். தடையில்லாமல் இறங்கினால்தான் “அள்ளுங்கடா” என்பார், அதுவரைக்கும் அடுப்பை விட்டு நகரமாட்டார். அப்புறம் களத்தில் காயப்போட்டு, உருட்டி மெருகேற்றி, மூட்டை பிடித்து ஈரோட்டு மார்க்கெட்டுக்கு அனுப்பி முடிப்பதற்குள் நகக்கண், கை ரேகை, வேட்டி, சுருக்குப்பை எல்லாம் மஞ்சள் ஏறிக் கிடக்கும். அந்தக் கையோடுதான் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடி போய், காவிரியில் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டிப் பழனிக்கு நடப்பார். நல்ல வெயில் காலம், செருப்பும் கிடையாது. கொங்குப் பக்கம் தீர்த்தக் காவடி எடுக்கிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், வெயில் ஏறுகிற அந்த நேரத்தில் சாமிக்குக் காவிரித் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிறோம் என்பார்கள். விலை இல்லாத வருஷமும் போனார். 2010-இல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போய், அடுத்தடுத்த வருஷங்களில் தரைக்கு வந்தது ஞாபகம் இருக்கும். அப்போது நான் கிண்டலாக, “ஏனுங்கப்பாரு, முருகன்கிட்ட விலை ஏத்தச் சொல்லிக் கேட்டீங்களா?” என்றேன். “விலை மண்டிக்காரன் போடறது, அதைப் போய் அவன்கிட்டக் கேக்கறதா?” என்றார். அவருடைய பக்தியைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது. உங்கள் அப்புச்சியும் இந்த மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார், தேடுங்கள்.

பிறந்த வருஷம் கேட்டிருந்தீர்கள். ஆதாரில் இருக்கிற தேதியை அப்படியே நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட வைத்து, எட்டினால் அஞ்சு வயசு என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட காலம் அது. அவரோ கூடப்பிறந்தவர்களோ தமிழ் வருஷப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘தாது வருஷத்தில் பிறந்தவன்’ என்று சொல்லியிருந்தால் 1936 சித்திரையிலிருந்து 1937 பங்குனிக்குள் பிறந்திருக்கிறார். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதே பெயர் வரும் என்பதால் குழப்பம் வராது, முந்தின தாது 1876, பெரும் பஞ்சம் வந்த வருஷம். பெயரும் தெரியாதா, பவானிசாகர் அணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்தது 1955. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அப்புச்சி மாடு மேய்த்த பையனா, கல்யாணம் ஆனவரா என்று ஊரில் வயசானவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதேபோல, 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து மின்கட்டணப் போராட்டத்தில் மாட்டுவண்டிகளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதற்கு உங்கள் வீட்டு வண்டி போனதா என்றும் கேளுங்கள். போயிருந்தால் அதற்கே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்றால், பழைய கிஸ்தி ரசீது, கூட்டுறவு சங்கத்துக் கடன் புத்தகம், கிரயப் பத்திரம் இதெல்லாம் பீரோவிலோ தகரப் பெட்டியிலோ இருக்கும். பலரும் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, மோட்டார் ரூம் சுவர். எங்கள் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே திருநீற்றுப் பட்டை, அதற்குப் பக்கத்திலேயே கரித்துண்டால் எழுதின கணக்கு: மாடு சினை பிடித்த தேதி, மோட்டார் காயில் கட்டினது, யாருக்கு எத்தனை ஆள் கூலி பாக்கி. ராத்திரியில்தான் மும்முனைக் கரண்ட் வரும் என்பதால் தண்ணி கட்டப் போகிற மனிதர் பாதி வாழ்க்கையை அந்த ரூமில்தான் கழித்தார். மடை திருப்பிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து கந்தர் அலங்காரம் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் போன் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துவிடுங்கள்.

அப்புறம், வீட்டு ஆட்களை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். பெற்ற பிள்ளைகள் சொன்னால் தெய்வம் மாதிரிதான் சொல்வார்கள், இப்போது துக்கமும் சேர்ந்திருக்கிறது. அம்மிச்சி இருந்தால் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், கோபம், கடன், எந்த நகை எந்த வருஷம் அடகுக்குப் போனது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு நீங்களே போங்கள், அவர்களை வரச்சொல்லாதீர்கள். வாரக் கூலியை இழுத்தடிக்காமல் கொடுத்தாரா, அவர்களுக்கு எந்த டம்ளரில் டீ கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், போனாலும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை வரும், என்னைக் கேட்டால் போடுங்கள் என்பேன். முப்பது நாற்பது பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள், படிக்கப் போகிறவர்கள் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள்.

சரி, அடுத்த கேள்வி பட்டா பெயர் மாற்றத்தைப் பற்றி.