முட்டு விட்ட பிறகும் மூச்சுக் குழாயில் தங்கும் தழும்பு

வணக்கம். மார்கழிப் பனி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு முட்டு (ஆஸ்துமா) வந்துவிடுகிறது. நீலப் பம்பை அடித்ததும் இழுப்பு அடங்கி, பிள்ளை மறுபடியும் முற்றத்துக்கு ஓடிவிடுகிறது. ஆனால் குழாய் இறுகியிருந்த அந்த நேரமே அதன் சுவரில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாத தூசு பட்டதும் நோய் எதிர்ப்புக் கலங்களான மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டுகின்றன, ஈசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் திரள்கின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி பெருகுகிறது. தழும்பு விழுவது இந்த அழற்சியால் மட்டுமே என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது.

பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தக் கருத்தை அசைத்தது. இலேசான ஆஸ்துமா உள்ள 48 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஒவ்வாமையைத் தூண்டாமல் தசையை மட்டும் இறுக்கும் மெத்தகோலின் கொடுக்கப்பட்டது. ஈசினோபில்கள் கூடவில்லை, ஆயினும் குழாயின் உட்பரப்பை மூடும் மேற்படலத்தின் அடியிலுள்ள கொலாஜன் என்ற நார்ப் பட்டை தடித்திருந்தது. நீலப் பம்பில் உள்ள, குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை முன்கூட்டியே பெற்றவர்களில் அது தடிக்கவில்லை. இறுக்கமே நாரைச் சுரக்கும் கலங்களைத் தூண்டப் போதுமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்பது என் எண்ணம்.

என்னை மிகவும் வியக்க வைத்தது 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். நல்லூர்த் தேரன்று வீதியில் நெரிசல் முற்றும்போது, நடுவில் அகப்பட்டவர் கால் நிலத்தில் பாவாமலே வெளியே தள்ளப்படுவதைக் கண்டிருப்பீர்கள். குழாய் சுருங்கும்போது அதன் உட்பரப்பை மூடியிருக்கும் மேற்படலக் கலங்களும் அவ்வாறே ஒன்றையொன்று நெருக்க, உயிருள்ள கலங்கள் வரிசையிலிருந்து பிதுங்கிக் குழாயின் உள்ளே விழுகின்றன. சாதாரணமாக ஒன்றிரண்டு விழுந்தால் பக்கத்துக் கலங்கள் உடனே இடைவெளியை மூடிவிடும். கூட்டமாக விழும்போது சுவர் திறந்து, அழற்சியும் சளியும் மேலும் பெருகுகின்றன. எலிகளிலும் மனித நுரையீரல் திசுத் துண்டுகளிலும் இது பார்க்கப்பட்டது. இறுகிய பின் கொடுத்த சல்பியூட்டமோல் குழாயை விரித்ததே தவிர, கலங்கள் உதிர்வதைத் தடுக்கவில்லை. கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம் தடுத்தது, ஆனால் அதன் நச்சுத்தன்மை காரணமாக அதை இன்னும் மருந்தாகக் கருத முடியாது.

அதனால் அம்மாமாரிடமும் அப்பாமாரிடமும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்: இழுப்பு வந்தபின் நீலப் பம்பை எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கிளினிக்கில் ஸ்டீரொயிட் கலந்த தடுப்புப் பம்ப் தந்திருந்தால், பிள்ளை நன்றாக இருக்கும் நாட்களிலும் சொன்ன அளவில் கொடுங்கள்; வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். அதை இழுத்து முடிந்ததும் பிள்ளையை வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் பிடிக்கலாம்.