அசைன்மென்ட்டை யார் எழுதியது?

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இருப்பது ஆசிரியர்கள் மட்டும்தான், அதனால் நேராகவே பேசிவிடுகிறேன்.

போன செமஸ்டரில் நான் ஒரு தவறு செய்தேன். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதுகலை மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதித் தந்த அசைன்மென்ட்டை, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று பார்க்கும் ஒரு டிடெக்டரில் போட்டேன், பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று காட்டியது, அதை நம்பி வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை அடித்துத் திருத்தி எழுதிய கையெழுத்துப் பக்கங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அதே வகுப்பில், எல்லோர் முன்னாலும், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரத்தின் எழுத்து என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளையோ ஏறக்குறைய சரியாகவே கணித்தன. ஏனென்றால் அடுத்து வரப்போகும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் அளக்கின்றன, எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடுகின்றன. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொல்லை, பழகிய வாக்கியத்தைத்தான் எடுப்பார். நம் பிள்ளைகள் அப்படித்தானே எழுதுகிறார்கள்! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

சரி, அதற்காகக் கண்டும் காணாமல் விட்டுவிட முடியுமா? முடியாது. ஆனால் பிள்ளைகள் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதி வந்தபோது, தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் நாம். எழுத்து யாருடையது என்று அன்று கேட்காமல் இன்று திடீரென்று கேட்டால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத் திருட்டு விதிகளில், எழுத்து எவ்வளவு ஒத்துப்போனால் என்ன நடவடிக்கை என்று பிரிக்கும் 10, 40, 60 என்ற சதவீதங்கள் நமக்கு மனப்பாடம். கல்வி நேர்மையைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கச் சொல்வதும் அதே விதிகள்தான், அதை நாம் எடுத்துச் செய்யவில்லை. அந்தச் சதவீதமும் ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போவதைத்தான் அளக்கும், புதிதாக இயந்திரம் கோத்துக் கொடுத்த பத்தி அதில் சுலபமாகத் தப்பிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எழுதியதைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். சாட்ஜிபிடியிடம் என்ன கேட்டாய், எதை எடுத்தாய், எதை விட்டாய் என்று கடைசியில் ஒரு பத்தி எழுதச் சொல்கிறேன், உண்மையைச் சொன்னதற்காக மதிப்பெண்ணில் கை வைப்பதில்லை. நேரம் பிடிக்கும், அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு வாரம் கூட ஆகிறது. இருந்தாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, தலைப்பு கொடுத்து ஐந்து மேற்கோள் நூல்களைச் சாட்ஜிபிடியிடம் கேட்கச் சொல்லி, அவற்றை நூலகத்திலும் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலும் தேட அனுப்புகிறேன். போன வாரம் ஒரு பையன், சாட்ஜிபிடி சொன்னதில் மூன்று நூல்கள் எங்கேயும் இல்லை என்று வந்து நின்றான். போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மேடம், என் ப்ராஜெக்ட்டிலும் இப்படித்தான் வாங்கிப் போட்டேன், ஒன்றைக்கூட சரிபார்க்கவில்லை" என்றான். திருத்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவனோடு உட்காரப் போகிறேன்.