வளமே! கோவைப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களுக்கும் மேடையில் இருப்போருக்கும் கோவைப் பெருமக்களுக்கும் வணக்கம். நடுவரின் கை மணிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேரே வழக்குக்கு வருகிறேன்.

புதிய விளையாட்டு, மலிவு விலைப் புத்தகம், புதுக் கருவி, புதுப் படம் என்று நாம் அன்றாடம் தேடி ஓடுகிறோமே, அந்த ஆர்வம் வாழ்வுக்கு வளமா, வீணா என்பதுதான் இன்றைய தலைப்பு. வளமே என்ற அணியில் நின்று பேசுகிறேன்.

எதிரணியைத் தொடங்கி வைத்த நண்பர், புதுச் செல்பேசி வாங்கத் துடிக்கும் இளைஞனைக் காட்டி, "இருப்பதே நன்றாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சூலூருக்குப் பக்கத்தில் இருக்கும் களங்கல் கிராமத்துக்கு வாருங்கள், போதும்.

அந்த ஊரில் 1893-ல் ஒரு குழந்தை பிறந்தது. பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. படிப்பு பாதியில் நின்றது. தோட்ட வேலையில் காலம் போனது. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை, வண்டி தானாக ஓடி வருகிறது! பார்த்த இளைஞனுக்கு அதன்பின் தூக்கம் பிடிக்கவில்லை. கோவைக்கு வந்தார், ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார், காசு காசாகச் சேர்த்தார், அதே அதிகாரியைத் தேடிப் போய் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். அவர்தான் நம் ஜி.டி. நாயுடு.

கதை உங்களுக்குத் தெரியும் என்று உங்கள் முகமே சொல்கிறது. தெரிந்த கதையைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன். 300 ரூபாய் கொடுத்து வண்டி வாங்கியவர் என்ன செய்திருக்க வேண்டும்? அதில் ஏறி களங்கல் வீதியில் நாலு சுற்று சுற்றி, பார்த்தவர்கள் வாய் பிளக்க நின்றிருக்க வேண்டும். அவரோ வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். எத்தனையோ நாள் சாம்பார் வாளி தூக்கிச் சேர்த்த காசு, திருகாணியாகவும் சங்கிலியாகவும் தரையில் பரந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் அந்த வீட்டு வாசலில் நம் எதிரணி நண்பர் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "தம்பி, உனக்கு எதற்கு இந்த வேலை? கால் இருக்கிறது, நடந்து போகலாம். மாட்டுவண்டி இருக்கிறது, ஏறிப் போகலாம். இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது?" இதைத்தானே சொல்லியிருப்பார்! அன்று அந்தப் பேச்சுக்கு அந்த இளைஞன் காது கொடுத்திருந்தால், பிரித்துப் போட்ட வண்டி மறுபடியும் சேர்ந்திருக்காது. ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று அறிந்து, எடுத்த இடத்திலேயே பொருத்தி, வண்டியை மறுபடியும் ஓடவைத்தாரே, அந்த அறிவு எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது? ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பொருளிலிருந்து வந்தது.

இன்னும் ஒரே ஒரு முறை அந்தத் தரையைப் பாருங்கள், நடுவர் அவர்களே. அங்கே சிதறிக் கிடக்கும் உறுப்புகளில் ஒன்று, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டத் தொடங்கிய பேருந்து. இன்னொன்று, 1937-ல் இந்தக் கோவை மண்ணில் உருவான, இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார். மின்மோட்டாரும் பம்புசெட்டும் என்றால் நாடு முழுவதும் கோயம்புத்தூர் என்கிறதே, அந்தப் பெயருக்கு முதல் காசு ஓட்டல் பரிமாறலில் சேர்ந்த காசு. புதுக் கருவியின் மீது ஓர் இளைஞன் கொண்ட ஆசை வீண் என்று இந்த ஊர் மேடையில் நின்று வாதிட எதிரணியினருக்கு எப்படி மனம் வந்தது?

திரைப்பட ஆர்வத்துக்கும் சாட்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல், துய்ப்பாண் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு வாங்கினார். ஒரு குமாஸ்தா வீட்டில் அது எத்தனை ஆண்டுச் சம்பளம் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வேலையை விட்டார், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், சலனப்படம் என்றால் என்னவென்றே அறியாத மக்களுக்கு அதைக் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். இன்று இந்தக் கூட்டத்துக்கு வெரைட்டி ஹால் ரோடு வழியாக வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு ரயில்வே ஊழியரின் சினிமா ஆசைதான் அந்தச் சாலைக்குப் பெயராக இருக்கிறது.

இனி, எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் வீசிய ஒரு சொல்லுக்கு வருகிறேன். வாதத்துக்கு வாதம் வைத்திருந்தால் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "மலிவு விலையில் மூட்டை மூட்டையாகப் புத்தகம் வாங்குகிறவர்கள் வாசகர்கள் அல்லர், கரையானுக்குச் சமையல் செய்கிறவர்கள்." சிரித்தீர்கள். நானும் சொல்லழகை ரசித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அந்த ஊரில் முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரும் செல்வர் அல்லர், கல்லூரிப் பேராசிரியரும் அல்லர். ரோஜா முத்தையா என்று சொன்னால்தான் உலகத்துக்குத் தெரியும். சென்னைக்குத் தொழில் பழகப் போன இடத்தில், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் வாங்கினார். புத்தகம் மட்டுமா வாங்கினார்? பழைய இதழ், நாடகத் துண்டறிக்கை, கொட்டகை வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்ட காகிதத்தையெல்லாம் கோட்டையூர் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அவர் வீட்டு வாசலிலும் யாராவது நின்று, இத்தனையையும் எப்போது படித்து முடிப்பீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்களா?

1985-ஆம் ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. 1900-லிருந்து நின்ற கட்டடம் சாம்பலாயிற்று. கடைகளில் இருந்த புத்தகங்களும் அதோடு போயின. எதிரணி நண்பரே, இப்போது சொல்லுங்கள். அந்தக் கடைகளில் விலைபோகாமல் கிடந்த புத்தகம் எரிந்தது. ஓர் ஓவியர் ஆசைப்பட்டுப் பேரம் பேசி வாங்கி, அலமாரியில் அடுக்கி வைத்த புத்தகம் பிழைத்தது. அடுக்கி வைப்பது வீண் வேலையா? முத்தையா 1992-ல் காலமானார். ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிற அச்சுப் பொருள்களும் கொண்ட அந்தச் சேகரிப்பை 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திக்கொண்டு போகாமல் தமிழ்நாட்டிலேயே விட்டது. இன்று சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அது இயங்குகிறது. தமிழில் அச்சு வரலாறு எழுதுகிறவரும், சினிமா வரலாறு எழுதுகிறவரும், நாடகம் பற்றி ஆய்கிறவரும் அந்த வாசலில்தான் போய் நிற்கிறார்கள். அத்தனையையும் முத்தையா ஒருவரே படித்து முடித்தாரா என்று அவர்களில் எவரும் கேட்பதில்லை. வாங்கி வைத்தவன் படிக்காவிட்டால் அவன் பிள்ளை படிப்பான். பிள்ளை படிக்காவிட்டால் முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் படிப்பார். கரையானுக்குச் சமைத்தவர்கள் வாங்கியவர்கள் அல்லர், ஐயா! பரணில் கிடந்த தாத்தாவின் புத்தகங்களை இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டார்களே, அவர்கள்தான். அந்தக் காகிதத்தை வழிமறித்து விலைகொடுத்து மீட்டவர்கள் எங்கள் அணிக்காரர்கள்.

விளையாட்டு பற்றியும் எதிரணி கேட்டது. பணம் கட்டி ஆடிக் குடும்பங்கள் அழிந்ததைச் சொன்னார்கள். உண்மை, அந்த வேதனையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அது சூதாட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டு, போட்டியாக ஆடும் மின்விளையாட்டுகளை ஊக்குவிக்க வேண்டியவை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சட்டம் பிரித்துவிட்டதை எதிரணி ஏன் ஒன்றாகக் கட்டுகிறது? கடன் வாங்கி ஆடம்பரம் செய்வதும் அப்படியே. கடனைக் கண்டியுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கண்டிக்கிறேன்.

நடுவர் அவர்களே, முதல் மணி அடித்துவிட்டீர்கள். இனி வாதம் வேண்டாம். என் வீட்டைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

என் அப்பா இந்த ஊரில் பஞ்சாலைத் தொழிலாளி. தீபாவளி போனஸ் வந்தால் வீட்டுக்குத் துணிமணி, பலகாரம் போக, அவர் கையில் கொஞ்சம் மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு என்னை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குக் கூட்டிப் போவார். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. எனக்காகப் படம் போட்ட ஆங்கிலப் புத்தகங்களை எடுப்பார். உள்ளே பக்கம் ஏதும் கிழிந்து போயிருக்கக் கூடாதே என்று, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அடியில் இருக்கும் எண்ணை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். எண் அவருக்குத் தெரியும். கடைக்காரர் பொறுமை இழந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்குங்க" என்பார். "இருக்கட்டுங்க, பையன் படிக்கிறப்ப நடுவுல நின்னு போகக் கூடாதுங்க" என்பார் அப்பா. முதல் பக்கத்தில் வேறு ஏதோ ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். அதை அடிக்காமல் அதற்குக் கீழே என் பெயரை எழுதச் சொல்வார். தான் படிக்க முடியாத புத்தகத்தை, ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு நின்று, பக்கம் எண்ணிப் பார்த்து வாங்கிய மனிதருக்கு இருந்தது ஆர்வமா, வீணா?

அப்பா போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். சுவரில் சாய்ந்தபடியே பொழுது போகும். கோவிலுக்குக் கூப்பிட்டோம், உறவினர் வீட்டுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. என் மகன் அந்த விடுமுறைக்குப் புதிதாக ஒரு கார்ப் பந்தய விளையாட்டு வாங்கியிருந்தான். ஒருநாள் மாலை அவன் அதை இயக்கும் கருவியைப் பாட்டியின் கையில் திணித்து, விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்து, "அழுத்துங்க அப்பத்தா" என்றான். ஆயுளில் சைக்கிள்கூட ஓட்டியறியாத அம்மா அழுத்தினார். திரையில் கார் சீறிக்கொண்டு போய் நேராகச் சுவரில் மோதி, மல்லாந்து விழுந்தது. அம்மா சிரித்தார். பல் தெரிய, கண்ணில் நீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சமையற்கட்டிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். அப்பா போனதிலிருந்து அந்த வீடு அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

அந்த விளையாட்டின் விலையை எதிரணியினர் கேட்டால் சொல்கிறேன், ரசீது இருக்கிறது. அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இப்போது கார் சுவரில் மோதுவதில்லை. அடுத்து என்ன புதிதாக வந்திருக்கிறது என்று பேரனிடம் அவரே கேட்கிறார். முன்வரிசையில், வலது பக்கம், பேரனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நடுவர் அவர்களே, வீண் என்று தீர்ப்புச் சொல்வதானால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.