சாப்பாட்டு மேசையில் வந்தவாசி: சிற்றுருவப் போர் விளையாட்டு எப்படி இயங்குகிறது

(திரையில்: ஒரு சாப்பாட்டு மேசை. மேலே பச்சைத் துணி. துணிக்கு அடியில் வைத்த இரண்டு தடித்த புத்தகங்கள் குன்றாக மேடிட்டு நிற்கின்றன. நீலக் காகிதத்தில் வெட்டிய ஒரு குளம்.)

வணக்கம். காலையில் இந்த மேசையில்தான் இட்லி சாப்பிட்டோம். இப்போது இது வந்தவாசி. நாள், 1760 ஜனவரி 22. குளத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்பவர்கள் லாலியின் பிரெஞ்சுப் படை. எதிரே சிவப்புச் சட்டையில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை. ஒவ்வொரு வீரனும் 28 மில்லிமீட்டர் உயரம். என் கையில் ஓர் அளவு நாடாவும் இரண்டு பகடைகளும் இருக்கின்றன.

இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் பொம்மையைத்தான் கேட்கிறார்கள். எங்கே வாங்கினீர்கள், நீங்களே வண்ணம் தீட்டினீர்களா என்று. நல்ல கேள்விகள்தான். ஆனால் இந்த விளையாட்டின் உயிர் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு ரோமானியக் கவசத்தை மாட்டினால் காலம் மாறிவிடாது. விதி மாறினால்தான் மாறும். ஏனென்றால் ஒவ்வொரு விதியும், அந்தக் காலத்தில் போரை உண்மையில் எது தீர்மானித்தது என்பதற்கு ஒருவர் சொல்லும் பதில்.

(திரையில்: பழைய வரைபடம்; அதன்மேல் சிவப்பு, நீல மரக்கட்டைகள்.)

தொடக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற குடும்பம். தந்தை 1812-இல் அரசருக்காக ஒரு போர் மேசையைச் செய்துகொடுத்தார். ராணுவ அதிகாரியான மகன் அதைச் செம்மைப்படுத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம். ஒரு சுற்றுக்கு 2 நிமிடப் போர். நடுவில் ஒரு நடுவர். ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டல்ல, போருக்கான பயிற்சி என்று பாராட்டினார். அது அதிகாரிகளின் பயிற்சிக்கூடத்துக்கானது. வீட்டுத் தரைக்கு ஒரு விதிநூலைக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் எழுதிய விதிகளில், சுருள்வில் பீரங்கியில் மரத்துண்டை வைத்துச் சுட்டு, விழுந்த பொம்மை இறந்தது என்று கணக்கு வைத்தார்கள்.

பகடை இல்லாத அந்த முறை குழந்தைகளோடு ஆட இன்றும் அருமையானது.

(திரையில்: அளவு நாடா மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீள்கிறது.)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சிக்கலுக்கு வருவோம். 28 மில்லிமீட்டர் வீரன் என்றால் மனித உயரம் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஒரு மஸ்கட் துப்பாக்கி ஓரளவு பலன் தரும் தூரம் 100 மீட்டர் என்று வையுங்கள். அதையும் அறுபதால் வகுத்தால் 1.67 மீட்டர். இந்த மேசையின் நீளமே 1.8 மீட்டர்! ஒரு படை மேசையின் இந்த ஓரத்தில் நின்றபடியே அந்த ஓரத்தைச் சுட்டுவிடும். சுற்றி வளைக்கவோ பின்வாங்கவோ இடமே இருக்காது.

ஆகவே உருவத்துக்கு ஓர் அளவும் நிலத்துக்கு வேறோர் அளவும் வைக்கிறோம். நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றில் 600 பேர் என்று கொள்வோம். இரண்டு வரிசையாக நின்றால் ஒரு வரிசைக்கு 300 பேர். தோளோடு தோள் உரச நிற்பவனுக்குச் சுமார் 55 சென்டிமீட்டர் இடம் வேண்டும். மொத்த அகலம் 165 மீட்டர். மேசையில் அந்தப் பிரிவுக்கு 24 உருவங்கள் வைக்கிறேன். ஓர் உருவம் 25 பேருக்குச் சமம். வரிசைக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் அடித்தட்டும் 15 மில்லிமீட்டர். ஆக 18 சென்டிமீட்டர். 165 மீட்டர் நிலம் 18 சென்டிமீட்டரில் அடங்குகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மீட்டர். மஸ்கட்டின் 100 மீட்டர் இப்போது 10 சென்டிமீட்டராகிவிட்டது. மேசை திடீரென்று விரிந்துவிட்டது, பாருங்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு வரிசை மனிதர்கள் உண்மையில் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம்தான் பிடிப்பார்கள். என் உருவங்களோ 40 மில்லிமீட்டர், அதாவது 40 மீட்டர் ஆழத்துக்கு நிற்கின்றன. அகலம் சரியாக இருந்தால் ஆழம் பொய்யாகும். எந்தப் பொய்யைச் சகித்துக்கொள்வது என்பது ஒவ்வொரு விதியாசிரியரும் எடுக்க வேண்டிய முடிவு. வாட்டர்லூவின் போர்முனையை இதே அளவில் வைத்தால் 4 மீட்டர் தாண்டும். அதற்கு 6 மில்லிமீட்டர் உருவங்களும் வேறு கணக்கும் வேண்டும்.

(திரையில்: 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை. ஒவ்வொரு பக்கமும் 12 சிறு தட்டுகள்.)

பண்டைக் காலத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது 1990-இல் வந்த டிபிஏ என்ற விதித்தொகுப்பு. சில உருவங்களைச் சேர்த்து ஒட்டிய சிறு அட்டைதான் ஒரு தட்டு; ஒரு படைக்கு 12 தட்டுகள் போதும். 15 மில்லிமீட்டர் உருவங்கள், தட்டின் அகலம் 40 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

அதன் இதயம் ஒற்றைப் பகடை. உங்கள் முறை வந்ததும் உருட்டுகிறீர்கள். மூன்று விழுந்தால் மூன்று நகர்வுகள்தான். ஒட்டி நிற்கும் எட்டுத் தட்டுகளை ஒரே வரிசையாக முன்னே தள்ளினால் அது ஒரு நகர்வு. வரிசை உடைந்து எட்டும் எட்டுத் திசையில் கிடந்தால் எட்டு நகர்வுகள் வேண்டும். பகடையில் எட்டு கிடையாது. அணி குலைந்த படையைத் தளபதியால் ஆள முடியாது என்ற உண்மையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. மோதலில் தோற்ற தட்டு வழக்கமாக ஒரு தட்டளவு பின்வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். பக்கவாட்டிலோ முதுகுப்புறமோ எதிரி ஒட்டியிருந்தால் பிழைக்க வழியில்லை, அழிந்துவிடும். கி.மு. 216-இல் கன்னேயில் ஹன்னிபாலைவிடப் பெரிய படையை வைத்திருந்த ரோமானியர்கள் ஏன் சுற்றி வளைக்கப்பட்டு மாண்டார்கள் என்பதை இந்த ஒரு வரி விளக்குகிறது. எண்ணிக்கை அங்கே உதவவில்லை. பின்வாங்க இடமில்லை.

(திரையில்: இடிந்த வீடுகள், ஒரு டாங்கி, ஐந்தாறு வீரர்கள்.)

காலவரிசையை இங்கே மீறுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நேராக இரண்டாம் உலகப் போருக்குப் போகிறோம்.

இங்கே யாரும் தோளோடு தோள் நிற்பதில்லை. நின்றால் இயந்திரத் துப்பாக்கி அரிந்துவிடும். எல்லோரும் சிதறிப் பதுங்கியிருக்கிறார்கள். ஆகவே விதி கேட்கும் கேள்வியும் மாறுகிறது: பதுங்கியவன் தலையைத் தூக்குவானா? 2012-இல் வந்த போல்ட் ஆக்‌ஷன் விதிகளில், சுடப்பட்ட பிரிவின்மேல் ஒவ்வொரு முறையும் ஒரு முடக்க வில்லை விழுகிறது. ஒருவன்கூடச் சாகாமலிருக்கலாம், வில்லைகள் கூடக்கூட அந்தப் பிரிவு கட்டளைக்குப் பணிவது கடினமாகிறது. முறையும் மாறி மாறி வருவதில்லை. இரு தரப்பின் கட்டளைப் பகடைகளும் ஒரே பைக்குள் கிடக்கின்றன. கையை விட்டு எடுக்கும்போது யார் நிறம் வருகிறதோ அவர் ஒரு பிரிவை இயக்கலாம். அடுத்து யார் என்று இருவருக்குமே தெரியாது. எனக்கு அந்தப் பைதான் பிடிக்கும்.

நவீனப் போரின் பெரிய துயரம் எதிரி எங்கே என்று தெரியாதது. மேசையில் எல்லாமே கண்முன் இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது? அதற்கு விடை கண்டவர்களில் 1942-இல் லிவர்பூலில் பணியாற்றிய இளம்பெண்கள் உண்டு. கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில், பிரிட்டிஷ் கடற்படையின் மகளிர் பிரிவினர் ஓர் அறையின் தரையையே அட்லாண்டிக் கடலாக்கினார்கள். பயிற்சிக்கு வந்த கப்பல் அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியாக மட்டுமே பார்க்க முடிந்தது. நீர்மூழ்கியின் தடம் தரையில் பச்சைச் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டது. துளை வழியாகப் பார்ப்பவருக்கு அது தெரியாது. அந்தத் தரையில் ஆடிப் பார்த்துத்தான், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்று கணித்தார்கள். அதற்கு எதிரான உத்தியையும் வகுத்தார்கள். ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண் அதற்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தார். தரையில் சுண்ணக்கட்டியோடு மண்டியிட்டவர்கள் நடுக்கடலில் உயிர்களைக் காத்தார்கள்.

வீட்டில் அவ்வளவு வேண்டாம். பத்து அட்டை வில்லைகளை வெட்டுங்கள். ஆறின் அடியில் படைப்பிரிவின் பெயரை எழுதுங்கள், நான்கை வெறுமையாக விடுங்கள். எதிரி நெருங்கிப் பார்த்த பிறகே திருப்பிக் காட்டுங்கள்.

(திரையில்: மீண்டும் வந்தவாசி மேசை.)

இனி நம் ஊர்ப் போர். வந்தவாசியை நான் விரும்பக் காரணம் அதன் அளவு. இரு தரப்பிலும் ஏறத்தாழ 2,000 ஐரோப்பியர்கள். இந்தியச் சிப்பாய்களும் குதிரைப்படையும் இருந்தாலும் நேர்மோதல் பெரும்பாலும் அந்த ஐரோப்பியப் பிரிவுகளுக்கு இடையில்தான் நடந்தது. ஓர் உருவம் 25 பேர் என்றால் பக்கத்துக்கு 80 உருவங்கள்.

அன்று லாலியின் லொரேன் படைப்பிரிவு ஆழ அணியில், அதாவது முகப்புக் குறுகி வால் நீண்ட அணியில், அயர் கூட்டின் படைப்பிரிவைத் தாக்கியது. கூட்டின் ஆட்கள் அகல அணியில் நின்று, நெருங்கி வரும்வரை காத்திருந்து ஒருசேரச் சுட்டார்கள். ஆழ அணி தன் எடையாலேயே எதிர்வரிசையைத் துளைத்துவிட்டது. ஆனால் துளைத்தவர்களை இருபுறமும் இருந்தவர்கள் உள்நோக்கித் திரும்பி வந்து நொறுக்கினார்கள்.

இதை எப்படி விதியாக்குவது? அகல அணியில் எல்லாத் துப்பாக்கியும் பேசும், நகர்வு மெதுவாக இருக்கும். ஆழ அணி வேகமாகப் போகும், மோதும்போது கனம் அதிகம். சுடுவது முன்வரிசை மட்டுமே, பக்கவாட்டில் பலவீனம். குதிரைப்படை வந்தால், நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்கும் சதுர அணி; பீரங்கி வந்தால் அதே சதுரம் கசாப்புக்கடை. ஆட்டக்காரரின் வேலை எந்த நேரத்தில் எந்த அணிக்கு மாறுவது என்பதுதான்.

நன்றாக நிற்கும் சதுர அணியைக் குதிரைப்படை உடைக்காது என்பது பொது விதி. ஆனாலும் 1812-இல் ஸ்பெயினின் கார்சியா எர்னாண்டஸில் சுடப்பட்ட ஒரு குதிரை பிரெஞ்சுச் சதுரத்தின்மேலேயே சரிந்து விழுந்து வழி திறந்துவிட்டது. இதற்காகத்தான் பகடை. இரண்டு பகடையில் இரண்டும் ஆறு விழ 36-இல் ஒரு வாய்ப்பு. சதுரம் உடைய அதை மட்டும் அனுமதியுங்கள்.

வந்தவாசியிலும் அப்படியொரு கணம் வந்தது. குளத்தருகே அரண் கட்டி நின்ற பிரெஞ்சு இடப்பக்கத்தில், ஓர் ஆங்கிலக் குண்டு வெடிமருந்து வண்டியில் விழுந்தது. ஏறத்தாழ 80 பேர் மாண்டார்கள் அல்லது காயமுற்றார்கள். அந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயர் அரணைப் பிடித்தார்கள். மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார்.

(திரையில்: காகிதத்தில் வெட்டிய வீரர்கள், ஒரு தீப்பெட்டி.)

இன்றைக்கே ஆட நினைத்தால் உருவங்கள் வாங்கக் காத்திருக்க வேண்டாம். அட்டையில் வரைந்து வெட்டி, ஒவ்வொரு தட்டிலும் நிறுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் உருவங்கள் வந்தால், ஒவ்வொன்றாக முடிக்காமல் இருபதுக்கும் ஒரே நேரத்தில் சட்டை, பிறகு இருபதுக்கும் முகம் என்று வண்ணம் தீட்டுங்கள். கடைசியில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால் மடிப்புகள் தாமாகத் தெரியும்.

தீப்பெட்டிதான் வெடிமருந்து வண்டி. அதைக் குளத்தருகே வையுங்கள். ஆங்கிலப் பீரங்கி அந்தத் திசையில் சுடும்போதெல்லாம் இரண்டு பகடை. பன்னிரண்டு விழுந்தால் வெடிக்கும். பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவர் வண்டியைப் பின்னுக்கு நகர்த்தலாம், தடையில்லை. நகர்த்தினால் அவருடைய பீரங்கிகள் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுடும்.

என் எதிரே இருப்பவர் இன்னும் நகர்த்தவில்லை. நான் உருட்டுகிறேன்.