இந்த வுல்வரினுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(திரையில்: ஹால். ஜன்னலோர ஷெல்ஃபில் மஞ்சள்-நீல உடையில், மார்வெல் காமிக்ஸ் நாயகன் வுல்வரினின் சிலை. கீழே மேசையில் டேப், டார்ச்.)

இன்று ஷூட்டிங் என் வீட்டில் இல்லை, விற்கிறவர் வீட்டில். கேமரா பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதனால் அவர் நமக்கு வெறும் அண்ணன்தான். சிலை கால் பங்கு அளவு, அதாவது 1:4. பாலிஸ்டோன். அண்ணன் கேட்கிற விலை 45,000 ரூபாய். வாங்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் கண் முன்னாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் டேப். காமிக்ஸில் வுல்வரின் குள்ளம், 5 அடி 3 அங்குலம்தான். சென்டிமீட்டரில் 160, அதில் கால் பங்கு 40. சினிமாவில் ஹியூ ஜாக்மேனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். பெட்டியில் உயரம் 56 சென்டிமீட்டர் என்று போட்டிருந்ததாம். அளந்தால் பீடமாக இருக்கும் பாறை மட்டும் 20. குனிந்து பாய்கிற போஸ் என்பதால் ஆள் 36 வருகிறார். ஆக, அளவு சரி, ஏமாற்று இல்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் உயரம் எப்போதும் பீடத்தையும் சேர்த்துத்தான். பாறைக்குக் காசு கொடுக்கிறோமா ஆளுக்குக் கொடுக்கிறோமா என்பது டேப் வைத்தால்தான் தெரியும்.

(திரையில்: விரல் நகத்தால் பீடத்தைத் தட்டும் சத்தம்.)

பாலிஸ்டோன் என்றால் கல் இல்லை. பாலியூரிதேன் ரெசினில் கல் தூளைக் கலந்து அச்சில் ஊற்றுவது. தொட்டால் சில்லென்று இருக்கும், கனக்கும், தசை நரம்பெல்லாம் கூர்மையாக விழும். கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். பிவிசி இதற்கு நேர் எதிர், லேசாக இருக்கும், சட்டென்று உடையாது, ஆனால் வெயில் காலத்தில் கணுக்கால் மெதுவாக வளைந்து பொம்மை சாய்ந்துவிடும். கனமாக இருந்தாலே தரம் என்று நினைக்காதீர்கள், கனத்தில் பாதிக்கு மேல் பாறையிலேயே இருக்கலாம்.

சரி, முகம். என்னைக் கேட்டால் விலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. கம்பெனி வெளியிடும் படத்தில் இருப்பது மாதிரிச் சிலை. கைதேர்ந்த ஒரு பெயின்டர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தீட்டியது. நம் கைக்கு வருவது தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் பெயின்ட் அடிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதனால்தான் முன்பதிவு செய்வதைவிட, முதலில் வாங்கியவர்கள் எடுத்துப் போடும் சாதாரண போன் படங்களுக்காக நான் காத்திருப்பேன்.

முகமூடித் தலையில் கண் வெறும் வெள்ளைதான், தப்பு செய்ய இடமில்லை. அங்கே பார்க்க வேண்டியது கறுப்பும் மஞ்சளும் சந்திக்கிற கோடு. அண்ணன் சிலையில் அது கத்தி வைத்து வெட்டியது போல இருக்கிறது. இப்போது அந்தத் தலையைக் கழற்றி, காந்தத்தில் ஒட்டும் இன்னொரு தலையை வைக்கிறேன். இது முகமூடி இல்லாத தலை. கண்மணி இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். இங்கே யாரோ சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்திருக்கிறார்கள். இடது கண் லேசாக மேலே போகிறது. நான் முகமூடியோடுதான் வைப்பேன், எனக்குப் பரவாயில்லை. பேரத்துக்கு உதவும்.

(திரையில்: முன்கை மூட்டைக் கழற்றுகிறார். க்ளோஸ்-அப்.)

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். முன்கை தனியாகச் செருகுவது. மூட்டுக்கு உள்ளே இருக்கும் மஞ்சள் வெளிச்சமே படாதது, வாங்கிய அன்று இருந்த நிறம். இப்போது வெளியே இருக்கிற மஞ்சளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வலது பக்கம், ஜன்னல் பக்கம், வெளுத்திருக்கிறது. அண்ணன் இதுவரை கவனிக்கவே இல்லையாம்.

அடுத்தது, வுல்வரினின் முஷ்டியிலிருந்து கத்தி போல நீளும் நகங்கள். ஒரு கையில் மூன்று, மொத்தம் ஆறு. இவ்வளவு மெல்லியதை பாலிஸ்டோனில் வார்த்தால் பெட்டியிலேயே ஒடிந்துவிடும் என்பதால் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்வார்கள். இதில் ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது. கணுக்காலில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்கிறேன். ஒட்டிய இடம் இருந்தால் பசை ஒரு கோடாக மினுங்கும். இல்லை, சுத்தம்.

பீடத்தின் அடியில் 212/750, அதாவது செய்த 750-இல் இது 212-வது. சிலர் ஒற்றை இலக்க எண் வேண்டும் என்று கூடுதல் காசு கொடுப்பார்கள். நான் கொடுக்க மாட்டேன், ஷெல்ஃபில் வைத்த பிறகு அடியை யார் பார்க்கிறார்கள்? எத்தனை செய்தார்கள் என்பதும் நினைக்கிற அளவுக்கு விலையைத் தூக்காது. வுல்வரினை அமெரிக்காவின் சைட்ஷோ செய்திருக்கிறது, சிங்கப்பூரின் எக்ஸ்எம் ஸ்டுடியோஸ் செய்திருக்கிறது, பிரேசிலின் அயர்ன் ஸ்டுடியோஸ் செய்திருக்கிறது. இன்னும் நல்ல முகத்தோடு ஒன்று வந்தால் பழைய 750-ஐ யாரும் தேட மாட்டார்கள். முகம் அமைந்துவிட்ட சிலை ஆயிரக்கணக்கில் வந்திருந்தாலும் ஆள் தேடி வருவார்கள்.

எண் இன்னொன்றுக்கு உதவும். அசலிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்துத் திருட்டுத்தனமாக வார்த்த நகல்கள் சந்தையில் உண்டு. ரெசின் காயும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் நகல் அசலைவிட ஒரு துளி சிறிதாக, நரம்புகள் மழுங்கி வரும். பீடத்தில் எண்ணும் உரிமை முத்திரையும் இருக்கிறதா, பெட்டியில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

விலைக்கு வருவோம். ஈபே இணையச் சந்தையில் ஒருவர் 900 டாலர் கேட்கிறார் என்பது விலை இல்லை, அது அவருடைய ஆசை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கூரியர். சிலை 9 கிலோதான், ஆனால் பெட்டி 60, 50, 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 24. விமானக் கூரியர்கள் பொதுவாக இந்தக் கணக்கில் 24 கிலோவுக்குத்தான் காசு கேட்பார்கள். உள்ளூரில் நேரில் வாங்குகிறவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

தெர்மாகோல் இல்லாமல் எந்தச் சிலையையும் அனுப்ப முடியாது. என் முதல் சிலையின் தெர்மாகோலை வீடு சுத்தம் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குப்பையில் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து விற்கப் போனபோது வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பின்வாங்க, பாதி விலைக்குப் பக்கத்துத் தெருவில் கொடுத்தேன்.

வெளுத்த வலது பக்கம், ஏறிய கண், வளைந்த நகம் எல்லாம் போக நான் 34,000 சொன்னேன். அண்ணன் 38,000. 36,000-க்கு முடிந்தது, பெட்டியும் தெர்மாகோலும் முழுசாக இருந்தால்.

(திரையில்: பரண் மேல் ஏணி. ஒரு கை மட்டும் தெரிகிறது.)

பெட்டி வந்துவிட்டது. தெர்மாகோலின் மேல் பாதியும் வந்துவிட்டது. கீழ்ப் பாதியில் அண்ணியின் கொலு பொம்மைகள் படுத்திருக்கின்றனவாம். அண்ணி கோயிலிலிருந்து வரும்வரை காத்திருக்கிறோம்.